செல்போனும் மூளைக் கட்டியும்

காரைக்காலிலும் சரி, வேறு ஊர்களிலும் சரி, பக்கத்து மாடியில் செல்போன் கோபுரம் வரப்போகிறது என்றால் போதும். "மூளையில் கட்டி வருமாம், புற்றுநோய் வருமாம்" என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. பேசுகிறவர் அந்தச் செய்தியைப் பல நேரங்களில் செல்போனில்தான் சொல்லிக்கொண்டிருப்பார்!

இந்த அச்சத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. 2011 மே 31 அன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, செல்போன் பயன்படுத்தும் வானொலி அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. மிக அதிகமாகப் பேசியவர்களிடம் மூளைக் கட்டி சற்றுக் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியதே காரணம். ஆனால் 2பி என்றால் சான்று போதவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்றே பொருள். சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உறுதியாகப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் இருப்பவை புகையிலை, பாக்கு, மது போன்றவை. மது எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்று காரைக்கால்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

குவாலியரைச் சேர்ந்த வீட்டு வேலைத் தொழிலாளி ஒருவர், அருகிலிருந்த கோபுரத்தால்தான் தனக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது என்று முறையிட்டார். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோபுரத்தை நிறுத்தச் சொன்னது. பலரும் இதையே அறிவியல் முடிவாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு கோபுரத்தை நிறுத்துவது வேறு, நோயின் காரணத்தை நிறுவுவது வேறு.

பிறகு வந்த ஆய்வுகள் ஆறுதல் தருகின்றன. 10 முதல் 24 வயது வரையுள்ளவர்களைப் பற்றி இந்தியா உட்பட 14 நாடுகளில் நடந்த ஆய்வில், மூளைக் கட்டி வந்த சுமார் 900 பேரைப் பிறரோடு ஒப்பிட்டார்கள். செல்போனால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2024-இல் வெளியான அறிக்கையும், பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம்கூடத் தொடர்பு இல்லை என்றே சொன்னது. எக்ஸ்ரே கதிரைப் போல உயிரணுவின் மரபுப் பொருளை உடைக்கும் வலிமை செல்போன் அலைக்கு இல்லை; திசுவைச் சற்றுச் சூடாக்கும், அவ்வளவே.

கோபுரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. தூரம் கூடக்கூட அலையின் வலிமை வேகமாகக் குறையும். எனவே தலைக்கு அதிகம் வந்து சேருவது கோபுரத்து அலையல்ல, காதில் ஒட்டியிருக்கும் செல்போனின் அலை. கோபுரம் தூரமாகி சிக்னல் குறைந்தால் செல்போன் இன்னும் வலுவாக அலை வீச வேண்டியிருக்கும்! இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கோபுர அலைக்குப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி என்று விதி வந்தது. இன்னும் தயக்கம் உள்ளவர்கள் இயர்போனிலோ ஸ்பீக்கரிலோ பேசலாம். செலவில்லாத வழி.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. தலைவலி வந்தால் "செல்போனைக் குறை, சரியாகிவிடும்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான தலைவலி கட்டியால் வருவதல்ல, உண்மைதான். ஆனால் காலையில் எழும்போதே கடுமையாக இருந்து நாளுக்கு நாள் கூடும் தலைவலி, அதனோடு வாந்தி, இதுவரை இல்லாதவருக்குத் திடீரென வரும் வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், ஒரு காது மட்டும் கேட்காமல் போவது ஆகியவற்றைச் செல்போன் மீது பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. வலிப்பைக் காற்று கறுப்பு என்று சொல்லி மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதே வாரத்தில் காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனைக்கும் போங்கள். மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாமல் எடுங்கள். வலிப்பு நிற்கவில்லை என்றாலோ, திடீரென கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ வாரக் கணக்கும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள், அதே செல்போனில்.