பழைய தோட்ட டிராக்டர் மறுசீரமைப்பு

பழைய தோட்ட டிராக்டர் மறுசீரமைப்பு என்பது உற்பத்தி நின்றுபோன சிறிய உழவு இயந்திரங்களைப் பழுது நீக்கி, மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது பலர் ஈடுபடும் ஒரு பொழுதுபோக்கு ஆகும். உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைக்காமையே இப்பணியின் முதன்மையான சிக்கல். இக்கட்டுரை கப் கேடட் வகை டிராக்டர்களையும், அவற்றில் பொருத்தப்பட்ட கோலர் கே வரிசை எந்திரங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நகர்ப்புறத்தை ஒட்டிய வீடுகள் பெருகின. பெரிய தோட்டமும் புல்வெளியும் உடைய இவ்வீடுகளுக்காகச் சிறிய டிராக்டர்கள் உருவாக்கப்பட்டன. வீல் ஹார்ஸ், போலன்ஸ், சிம்பிளிசிட்டி ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இன்டர்நேசனல் ஆர்வெஸ்டர் நிறுவனம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்த தன் தொழிற்சாலையில் 1960களின் தொடக்கத்தில் கப் கேடட் டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியது. முதல் கப் கேடட் 7 குதிரைத்திறன் கொண்ட கோலர் எந்திரத்தால் இயங்கியது. 1981 இல் இப்பிரிவு எம்.டி.டி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1986 இல் வீல் ஹார்ஸ் நிறுவனத்தை டோரோ வாங்கியது. இவ்வாறு உரிமை கைமாறும்போது, அதிகம் விற்காத பழைய பாகங்களின் தயாரிப்பு படிப்படியாக நின்றுபோவது வழக்கம்.

எந்தப் பாகங்கள் அரியவை

எந்திரத்தின் பாகங்களே கிடைப்பதற்கு அரியவை என்று தொடக்கநிலையாளர் பலர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு எதிரானது. கோலர் கே வரிசை எந்திரங்களைக் கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டியர் எனப் பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்தினர். எனவே பிஸ்டன், வளையங்கள், அடைப்புத் தகடுகள் (கேஸ்கெட்) போன்றவற்றை வேறு நிறுவனங்கள் இன்றும் செய்து விற்கின்றன. ஒரே மாதிரிக்கு மட்டும் உரிய முன்மூடி, முகப்புக் கிராதி, பல்லிணைப் பெட்டியின் பற்சக்கரம் போன்றவையே தேடுவோரை அலைக்கழிக்கின்றன.

பாகம் வாங்குமுன் எந்திரத்தின் தகட்டிலுள்ள மாதிரி எண்ணுடன் விவரக்குறிப்பு எண்ணையும் பார்த்தல் வேண்டும். கே301 என்ற ஒரே பெயருடைய இரு எந்திரங்களில் வணரித்தண்டின் (கிராங்க் தண்டு) முனை வெவ்வேறாக இருக்கலாம்.

தாங்கிகளும் (பேரிங்) எண்ணெய் அடைப்பான்களும் (ஆயில் சீல்) பெரும்பாலும் டிராக்டர் நிறுவனம் தானே செய்தவை அல்ல. தாங்கியின் ஓரத்தில் பொறித்த எண்ணைக் கொண்டே அதனை எந்தக் கடையிலும் வாங்கலாம். எடுத்துக்காட்டாக, 6205 என்னும் எண்ணின் கடைசி இரு இலக்கங்களை 5 ஆல் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. எனக் கிடைக்கும், வெளிவிட்டம் 52 மி.மீ., தடிமன் 15 மி.மீ. ஆகும். எண்ணெய் அடைப்பானுக்கும் தண்டின் விட்டம், துளையின் விட்டம், தடிமன் என்ற மூன்று அளவுகள் போதும். டிராக்டர் நிறுவனத்தின் பாக எண்ணை மட்டும் தேடிக்கொண்டிருப்பவர் கைக்கெட்டும் பொருளைத் தவறவிடுகிறார்.

எந்திரத்தைச் சீரமைத்தல்

கே வரிசை எந்திரங்களில் பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டரும் வார்ப்பிரும்பு உடலும் கொண்டவை. 12 குதிரைத்திறன் கொண்ட கே301 இன் சிலிண்டர் விட்டம் 3.375 அங்குலம் ஆகும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி, 0.010, 0.020 அல்லது 0.030 அங்குலம் பெரிதான பிஸ்டனைப் பொருத்தலாம். தேய்மானத்தை அளந்த பின்பே பிஸ்டனை வாங்க வேண்டும்.

இணைப்புத் தண்டு (கனெக்டிங் ராடு) மிகுந்த கவனத்துக்கு உரியது. இது அலுமினியத்தால் ஆனது; இடையில் தனித் தாங்கி ஓடு இல்லாமல் நேரடியாக வணரித்தண்டின் மீது சுழல்கிறது. எண்ணெய் குறைந்தாலோ, எந்திரம் அளவுக்கு மீறி வேகம் கொண்டாலோ இத்தண்டு உடைந்து, எந்திர உடலையே துளைத்துக்கொண்டு வெளிவரக்கூடும். அதன்பின் மிஞ்சுவது பெரும்பாலும் பழைய இரும்பே. வணரியைச் சாணைபிடித்த பின் பொருத்துவதற்கு 0.010 அங்குலம் சிறிய துளையுடைய தண்டுகள் உள்ளன. அவையும் பொருந்தாவிடில், தண்டின் துளையைக் கடைந்து தாங்கி ஓடு பொருத்துவது வழக்கம். வேகக் கட்டுப்படுத்தியைச் (கவர்னர்) சரிபார்க்காமல் எந்திரத்தை முடுக்கக் கூடாது. இவ்வெந்திரங்களின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்றுகள். இவ்வேகத்தை மீறினால் வார்ப்பிரும்புச் சுழற்சக்கரமே சிதறி, அருகில் நிற்பவரின் உயிருக்குத் தீங்கு நேரலாம்.

பெரிய கே எந்திரங்கள் பலவற்றினுள் அதிர்வைக் குறைக்கும் சமநிலைப் பற்சக்கரங்கள் உள்ளன. பழைமையால் இவை உடைந்து எந்திரத்தை அழித்த நிகழ்வுகள் உண்டு. ஆகவே மறுசீரமைப்போர் பலர் இவற்றை நீக்கிவிட்டு, சற்று மிகுதியான அதிர்வைப் பொறுத்துக்கொள்கின்றனர். மூல வடிவம் மாறக்கூடாது என்போர் இதனை ஏற்பதில்லை. எனினும் இயக்குவதற்கான எந்திரத்தில் இவற்றை நீக்குவதே அறிவுடைமை.

பாகத்தைப் புதிதாகச் செய்தல்

எங்கும் கிடைக்காத பாகத்தைச் செய்துகொள்ள வேண்டியதுதான். தண்டு, புதை உருளை (புஷ்) போன்றவற்றைக் கடைசல் இயந்திரத்தில் (லேத்) எளிதில் செய்யலாம். தேய்ந்து நீள்வட்டமாகிப்போன துளையைப் பெரிதாக்கிப் புதை உருளை செருகுவது, முழுப் பாகத்தையும் தேடுவதைவிட மலிவானது. அடைப்புத் தகடுகளை அதற்குரிய தாளிலிருந்து கையாலேயே வெட்டலாம்.

வார்ப்புப் பாகத்தில் ஒரு நுட்பம் உள்ளது. பழைய பாகத்தையே அச்சாக வைத்து மணலில் வார்த்தால், வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்குவதால், படி மூலத்தைவிடச் சிறியதாக அமையும். 300 மி.மீ. நீளத்தில் இது 3 மி.மீ. வேறுபாடு ஆகும்; திருகு துளைகள் பொருந்தா. எனவே அச்சைச் சற்றுப் பெரிதாக்கி, வார்த்த பின் துளையிடுவர்.

துரு நீக்கல்

இருக்கும் பாகத்தைக் கெடுக்காமல் துரு நீக்க மின்பகுப்பு முறை பயன்படுகிறது. சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) கரைத்த நீரில் பாகத்தை அமிழ்த்தி, நேர்மின்னோட்ட மூலத்தின் எதிர்முனையை அதனுடன் இணைக்க வேண்டும். நேர்முனையில் சாதாரண இரும்புத் தகட்டை வைக்க வேண்டும். முனைகளை மாற்றி இணைத்தால் பாகமே அரிக்கப்படும். துருவேறா எஃகைத் தகடாகப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். ஐதரசன் வளிமம் வெளிவருவதால் திறந்தவெளியில், தீப்பொறிக்கு அப்பால் செய்ய வேண்டும். கார்புரேட்டர் போன்ற அலுமினிய, துத்தநாகப் பாகங்களுக்கு இம்முறை ஏற்றதன்று.

பழைய கிளட்ச் தட்டிலும் அடைப்புத் தகட்டிலும் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். இவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பக் கூடாது.

கொடை டிராக்டர்

ஒரு டிராக்டரைச் சீராக்க, அதே மாதிரியில் மற்றொன்றை வாங்கிப் பிரிப்பதும் உண்டு. தனித்தனியே பாகம் வாங்குவதைவிட இது பலமுறை மலிவாக முடிகிறது. ஆனால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு டிராக்டரும் அம்மாதிரியில் எஞ்சியுள்ளவற்றின் எண்ணிக்கையை ஒன்று குறைக்கிறது. ஆகவே உடல் உடைந்தோ முழுதும் துருவேறியோ போன டிராக்டரையே பிரிப்பதற்குத் தேர்ந்தெடுப்பர். பிரித்தபின் தேவைப்படாத பாகங்களுக்கு மாதிரி எண்ணும் ஆண்டும் எழுதிய சீட்டுக் கட்டிப் பிறருக்கு விற்பர்.