சாவி கொடுக்கும் முன் யோசியுங்கள்
மது அருந்தி வண்டி ஓட்டிப் பிடிபடும் அயல்நாட்டவருக்கு என்ன நேர்கிறது? நமக்கு என்ன நேர்கிறது?



கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி பிறந்துவிட்டால் ரமணாசிரமம் பகுதியில் நமது வியாபாரத்துக்கு இன்னொரு பருவம் தொடங்குகிறது. செங்கம் ரோட்டின் இருபுறமும் உள்ள தெருக்களில் அயல்நாட்டு அன்பர்கள் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வீடு பிடித்துத் தங்குகிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் இங்கேயே இருக்கிறார்கள். மளிகை, பால், பழம், துணி, மருந்து எல்லாம் நம் கடைகளில்தான் வாங்குகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிப் பார்க்கவும், பஜாருக்குப் போய்வரவும் அவர்களுக்கு ஒரு ஸ்கூட்டர் தேவைப்படுகிறது. அந்த ஸ்கூட்டரும் பல நேரங்களில் நம்முடையதாகவே இருக்கிறது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் ரமண பகவானைத் தேடி வந்தவர்கள். மதுவின் பக்கமே போகாதவர்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பிறந்த நாள், ஒரு புத்தாண்டு இரவு போதும். மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து முதலில் தொலைபேசி வருவது அவருடைய ஊருக்கு அல்ல, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். ஆகவே இந்த விஷயத்தை நமது உறுப்பினர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை அகப்பட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஹெல்மெட் இல்லாததற்கு ரோட்டிலேயே பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போவது போல இதை முடித்துக்கொள்ள முடியாது. நீதிமன்றத்துக்குப் போயே தீர வேண்டும்.

சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஊதிப் பார்க்கும் கருவியில் ஊத மறுத்தாலும், குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் கைது செய்யலாம். அதே சமயம் கைதானவருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பரிசோதனை செய்விக்க வேண்டும். தவறினால் அவரை விடுவிக்க வேண்டும். இந்த விதிகள் உள்ளூர்வாசிக்கும் வெளிநாட்டவருக்கும் ஒன்றுதான்.

அபராதம் சிறிது, அலைச்சல் பெரிது

சட்டம் ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றாக இல்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் அகப்பட்டால் அபராதம் கட்டிவிட்டு, தலை குனிந்தபடி வீட்டுக்குப் போகலாம். வீடு அவருடையது, நாடும் அவருடையது. வெளிநாட்டவர் இங்கே இருப்பதோ விசா என்ற ஒரு முத்திரையின் பலத்தில்தான்.

முதலாவது, ஜாமீன். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றமே. ஆனால் ஜாமீனுக்கு உள்ளூரில் ஆள் நிற்க வேண்டுமென்றால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரரும் பக்கத்துக் கடைக்காரரும்தான்.

இரண்டாவது, பயணம். வழக்கு முடியும் வரை அவர் தேவைப்படுகிறார். விபத்தில் யாருக்காவது காயம் பட்டிருந்தால் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்படி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். திரும்பிப் போக வாங்கிய விமான டிக்கெட் வீணாகும். அதற்குள் விசா காலமும் முடிந்துவிட்டால், அனுமதியில்லாமல் தங்கியதாக இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, விசா. ஒரு வெளிநாட்டவரை நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதிகாரம் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்திலும் அந்த அதிகாரம் இருக்கிறது. 10,000 ரூபாய் அபராத வழக்கு ஒவ்வொன்றிலும் இது நடந்துவிடும் என்பதல்ல. ஆனால் விசா நீட்டிப்புக்கோ புதிய விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது பழைய வழக்கு எதிரே வந்து நிற்கக்கூடும். மலையை விட்டுப் பிரிய மனமில்லாமல் ஆண்டுதோறும் வருகிறவருக்கு அபராதத்தைவிட இதுவே பெரிய தண்டனை.

உயிர்ச்சேதம் நேர்ந்தால் நிலைமையே வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. குடித்திருந்தது தெரிந்தால் அதைவிடக் கடுமையான 105ஆவது பிரிவிலும் வழக்குப் போட இடமுண்டு. அதில் 10 ஆண்டும் அதற்கு மேலும் போகலாம். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் அயல்நாட்டுத் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலே அந்த அட்டையை ரத்து செய்யலாம் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்துள்ளது.

கைதான வெளிநாட்டவருக்கு ஓர் உரிமையும் உண்டு. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, அவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். தூதரகம் வக்கீல்களின் பட்டியல் கொடுக்கும். வீட்டுக்குச் செய்தி சொல்லும். வழக்கை ரத்து செய்ய அதனால் முடியாது.

வண்டிக்காரரின் கணக்கு

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த வெள்ளை போர்டு ஸ்கூட்டரை நாள் வாடகைக்கு விடுவது நம் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. சட்டப்படி வாடகைக்கு விட வேண்டுமானால் 1997ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டும். அந்த வண்டிகளின் நம்பர் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள்.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டு விபத்து நேர்ந்தால், முதல் கேள்வி இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வரும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசி வாடகைக்குச் செல்லாது என்பார்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்ததா என்பார்கள். வெளிநாட்டவர் தம் நாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருக்க வேண்டும். அதிலும் இரு சக்கர வண்டிக்கான பகுதியில் முத்திரை இருக்க வேண்டும். கார் ஓட்ட மட்டும் அனுமதி பெற்றவர் ஸ்கூட்டர் ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாததற்குச் சமம். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்த உரிமையாளருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் உண்டு.

மூன்றாவது கேள்வி மது. இதில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை நாம் அறிந்திருக்க வேண்டும். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு கம்பெனிக்குச் சொந்தமான விலையுயர்ந்த போர்ஷே கார் மோதி எரிந்துபோனது. ஓட்டியவர் மது அருந்தியிருந்தார் என்று இப்கோ டோக்கியோ கம்பெனி பணம் தர மறுத்தது. இரத்தப் பரிசோதனை அளவு ஏட்டில் இல்லையே என்ற வாதம் எழுந்தது. பரிசோதனை அளவு இல்லாவிட்டாலும் மற்றச் சாட்சியங்களைக் கொண்டு போதையை நிரூபிக்கலாம் என்று கூறி, இன்சூரன்ஸ் கம்பெனியின் பக்கமே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை ஓட்டியவர் வேறு. நஷ்டம் வந்தது சொந்தக்காரருக்கு.

அடிபட்ட மூன்றாம் நபருக்கு உரிய நஷ்டஈடு இதைவிடப் பெரிய தொகை. அதற்கு உச்சவரம்பு கிடையாது. இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் வைத்துக் கணக்கிடுவார்கள். பல லட்சம் வரும். 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்குத் தீர்ப்பு காட்டிய வழியில், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று பல வழக்குகளில் உத்தரவாகியிருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தில், மது அருந்தி ஓட்டியதையும் கம்பெனி தன் எதிர்வாதமாக வைக்கலாம் என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். ஓட்டிய அன்பர் ஊருக்குப் போய்விடலாம். நம் கடையும் வீடும் எங்கே போகும்? ஒரு நாள் வாடகைக்கு ஆசைப்பட்டு ஆயுள் முதலை ஈடு வைப்பது வியாபாரமாகாது.

நம் பிள்ளைகள் அங்கே

இதே கதை தலைகீழாகவும் நடக்கிறது. நம் உறுப்பினர்கள் பலரின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்தும், கடையின் பேரில் கடன் வாங்கியும் அனுப்பியவர்கள் உண்டு. இங்கே அந்த அன்பர் எப்படி அயலாரோ, அங்கே நம் பிள்ளை அப்படி அயலான்.

சிங்கப்பூர்: முதல் முறைக்கே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, குறைந்தது 2 ஆண்டு லைசென்ஸ் ரத்து. போதையில் வண்டியை ஓட்டாமல் பொறுப்பில் வைத்திருந்தாலே அங்கே குற்றம். வேலை அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் மனிதவள அமைச்சிடம் இருக்கிறது.

மலேசியா: 2020 அக்டோபர் முதல் முதல் குற்றத்துக்கு 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ்: 2025 மார்ச் 29 முதல் நடைமுறையில் உள்ள போக்குவரத்துச் சட்டப்படி சிறையோ, 20,000 முதல் 1,00,000 திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சவூதியிலும் குவைத்திலும் நம்மவர்களுக்கு மதுவே தடை. ஓட்டுவது வரை போக வேண்டியதில்லை. தண்டனை முடிந்தபின் நாடு கடத்தினால் வேலையும் போய், வாங்கிய கடனுடன் பிள்ளை வீடு வந்து சேருவான்.

அமெரிக்கா: இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 2015 நவம்பர் முதல், கடந்த 5 ஆண்டுக்குள் குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, குற்றம் நிரூபணமாகாவிட்டாலும், தற்காலிக விசாவை ரத்து செய்யும் வழக்கம் வந்துவிட்டது. அங்கே இருக்கும் வரை பெரும்பாலும் வேலையில் தொடரலாம். தங்கையின் கல்யாணத்துக்கு என்று ஊருக்கு வந்தால் திரும்பிப் போகப் புதிய விசா வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். ஒரு மாத விடுப்பில் வந்தவன் பல மாதம் சென்னைத் தூதரகத்துக்கு நடக்க நேரிடலாம்.

கனடா: 2018 டிசம்பர் 18 முதல் இந்தக் குற்றத்தின் அதிகபட்சத் தண்டனையை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்திவிட்டார்கள். அதனால் குடியேற்றச் சட்டத்தில் இது ‘கடுங்குற்றம்’ ஆகிவிட்டது. வெறும் அபராதத்தோடு தப்பியவருக்குக்கூட நிரந்தரக் குடியுரிமை அட்டை ஆபத்துக்கு உள்ளாகலாம். ஆகவே வக்கீலைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது அங்கே புத்திசாலித்தனமாகாது.

அயல்நாட்டில் அகப்பட்ட பிள்ளைக்கு உதவ, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி இருக்கிறது. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி கிடைக்க அதில் வழி உண்டு. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம்.

உறுப்பினர்கள் கவனத்துக்கு

1. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடாதீர்கள். இதையே தொழிலாகச் செய்ய விரும்புகிறவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி லைசென்ஸ் பெறுங்கள்.

2. நட்புக்காகக் கொடுப்பதானாலும் சர்வதேச அனுமதியில் இரு சக்கர வண்டி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. பாலிசி புத்தகத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். புரியாததை ஏஜெண்டிடம் கேளுங்கள்.

4. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிவு செய்யத் தவறாதீர்கள். ‘சி’ படிவம் என்று நாம் சொல்லிப் பழகியது இதைத்தான். ஒரு வழக்கு வந்தால் முதலில் தோண்டப்படுவது இதுதான்.

5. ஜாமீன் கையெழுத்து போடும் முன் யோசியுங்கள். ஆள் வராவிட்டால் அந்தத் தொகை உங்களுடையது. கையெழுத்து போட மனமில்லாவிட்டாலும், வக்கீல் பிடித்துக் கொடுப்பதும் தூதரகத்துக்குச் செய்தி சொல்லச் செய்வதும் மனிதாபிமானம். அதை மறுக்க வேண்டாம்.

6. குடித்திருக்கும் வாடிக்கையாளரிடம் கோபிக்காமல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். ஆட்டோ கூலியை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

7. அயல்நாட்டில் இருக்கும் பிள்ளையிடம் அடுத்த முறை பேசும்போது இதையும் சொல்லுங்கள். மகனோ மருமகனோ சங்கடப்பட்டாலும் பரவாயில்லை.

நம்மை நம்பி ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தவர் நம் விருந்தாளி. கேட்டதையெல்லாம் கொடுப்பது மட்டும் விருந்தோம்பல் அல்ல. கொடுக்கக் கூடாத நேரத்தில் சாவியை மறுப்பதும் விருந்தோம்பலே. மறுநாள் காலையில் அவர் வந்து நன்றி சொல்லாமல் போகலாம். ஆனால் பால் வாங்க வழக்கம்போல நம் கடைக்கு வருவார். நமக்கு அது போதும்.