பழந்துணியின் கதி

நம் சங்கத்து அங்கத்தினர்களுக்குப் புதுத் துணியைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியது ஒன்றுமில்லை. அது தறியை விட்டு இறங்கும் வரை அதனோடு வாழ்கிறவர்கள் அவர்கள். அதே துணி, உடுத்து நைந்து உடுத்தியவரின் கையை விட்டு நீங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதை இந்த இதழில் சற்று விசாரிப்போம்.

முன்பு நம் வீடுகளில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. நூல் சேலை நைந்தால் குழந்தைக்குத் தூளி. தூளி கிழிந்தால் அடுப்பங்கரைக்குக் கரித்துணி. அதிலும் எஞ்சியது விளக்குத் திரி. பழைய வேட்டி சும்மாடாகும், காயத்துக்குக் கட்டாகும். கொல்லைப் பொம்மைக்குக்கூடக் கிழிந்த சட்டைதான். பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் குரல் கொடுத்தால், ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்காகப் பேரம் அரை மணி நேரம் நடக்கும். இன்றோ துணி குப்பையோடு குப்பையாகப் போகிறது. மலிவாக வாங்கியதன் மேல் பற்று ஏற்படுவதில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று, பாலியெஸ்டர் கலந்த துணி கரித்துணிக்கும் உதவாது, திரிக்கும் உதவாது என்பது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் வந்து தங்கியது முக்கியமாக இப்பகுதியின் மெல்லிய மஸ்லின் துணிக்காகவே. அவர்கள் கட்டிய கோட்டையின் சுவர்களை இன்றும் அங்கே காணலாம். துணியை நாடிக் கப்பல்கள் வந்த இந்தக் கடற்கரை, துணியே பாரமாகக் குவிந்து கிடந்த காலத்தையும் கண்டது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் உள்ளிட்ட தமிழகக் கரை முழுவதையும் தாக்கியது. நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. அனுப்பியவர்களின் இரக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஆயினும் கடற்கரை வெயிலில் கம்பளிச் சட்டையை யார் அணிவார்? சேலை கட்டிப் பழகிய மீனவப் பெண்கள் நகரத்து உடுப்புகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அதைவிட, நேற்று வரை தம் உழைப்பில் உண்டு உடுத்தவர்களுக்குப் பிறர் கழித்ததை உடுத்த மனம் ஒப்பவில்லை. துணிகள் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாகக் கிடந்து மண்ணில் புரண்டன. உயிரை இழந்தவர்களின் ஊரில், அந்தக் குப்பையை அகற்றுவதே தனி வேலையாயிற்று.

1999இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ என்னும் ஸ்தாபனம் அந்தக் குவியல்களை எடுத்துக்கொண்டு வகை பிரித்தது. உடுக்கத் தகுந்தவை தனியே சென்றன. உடுக்க இயலாத பருத்தித் துணி சுத்தம் செய்யப்பட்டு, வசதியற்ற பெண்களுக்கு மாதவிலக்குக் காலத்துக்கு உரிய துணியாக மாறிற்று. இந்த ஸ்தாபனத்தின் மற்றொரு வழக்கம் கூட்டுறவாளர்களாகிய நம் கவனத்துக்கு உரியது. கிராமத்தார் தங்கள் ஊருக்கே ஒரு கிணறு தோண்டுகிறார்கள், சாலை செப்பனிடுகிறார்கள். அந்த உழைப்புக்கு வெகுமதியாகத் துணி பெறுகிறார்கள். பெறுகிறவர் கை நீட்ட வேண்டியதில்லை. அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

இதே கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், புதுச்சேரிக்கு முன்பாக ஆரோவில் வருகிறது. அங்குள்ள ‘உபாசனா’ என்னும் ஆடை நிலையத்தில், உமா பிரஜாபதி என்பவரின் முயற்சியால், பேரலைக்குப் பின் மீனவப் பெண்கள் துண்டுத் துணிகளைக் கொண்டு விரலளவுப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார்கள். ‘சுனாமிகா’ என்று அதற்குப் பெயர். பொம்மைக்கு விலை இல்லை. விரும்புகிறவர் தரும் நன்கொடையே முயற்சியை நடத்துகிறது. செய்த பெண்களுக்கோ கூலி உண்டு. கடலைப் பார்க்கவே அஞ்சிய நாட்களில் பலர் கூடி அமர்ந்து செய்ய ஒரு வேலையும் கிடைத்தது. எந்த லாரித் துணியும் அவர்களுக்குத் தராதது அது என்றே நாம் கருதுகிறோம்.

இனி ஆலை வழியைப் பார்ப்போம். பழந்துணியைக் கிழித்து நாராக்கி மீண்டும் நூற்பது புதிதன்று. 1813இல் இங்கிலாந்தின் பாட்லி என்னும் ஊரில் பெஞ்சமின் லா கம்பளிக் கந்தலைக் கொண்டு தொடங்கினார். இன்று நம் நாட்டில் அதற்குப் பேர்போன ஊர் ஹரியானாவிலுள்ள பானிப்பட்டு. அங்கே கந்தலை நிறவாரியாகப் பிரித்துவிடுவதால் பெரும்பாலும் மறுபடி சாயம் ஏற்ற வேண்டியதில்லை. திருப்பூர்ப் பனியன் வெட்டுத் துண்டுகளும் இவ்வாறே மீண்டும் பஞ்சாகி நூலாகின்றன. ஆனால் கிழிக்கக் கிழிக்க நார் குட்டையாகும். ஆகையால் புதுப் பஞ்சோ பாலியெஸ்டரோ கலந்து, தடித்த நூலாகவே நூற்க முடிகிறது. நெருக்கமான நெசவுக்கு அது தாங்காது என்பது நெசவாளருக்குச் சொல்லாமலே விளங்கும். நார் மிகக் குட்டையானால் காகிதம் இருக்கிறது: புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் பருத்திக் கழிவிலிருந்து காகிதம் செய்து வருகிறது.

எவ்வழியானாலும் முதல் வேலை பிரிப்பதே. பித்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுக்க வேண்டும். துணி எதுவென ஐயமிருந்தால் நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுக. பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். பட்டானால் மயிர் கருகும் வாடை வரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி மண்ணில் மட்கும். அந்த மணி மட்காது. பயிர் செய்யும் அங்கத்தினர்கள் எருக்குழியில் துணி போடுமுன் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய யூனியன் நாடுகளில் பழந்துணியைத் தனியே சேகரிக்க வேண்டுமென்ற விதி 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம் சங்கக் கட்டிடத்தில் அதற்கு ஒரு மூலையும், மாதத்தில் ஒரு பிற்பகலும் போதும்.

பட்டுச் சேலை மட்டும் தனிக் கணக்கு. அசல் சரிகையில் பட்டிழையின் மேல் வெள்ளி சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியிருக்கும். சேலை நைந்தாலும் வெள்ளி நைவதில்லை. பழஞ்சேலை வாங்குகிற வியாபாரி துணியை எரித்து அதைத்தான் எடுக்கிறார். ஆகவே விற்கும் முன் ஓர் ஓரத்தில் சரிகையை மெல்லச் சுரண்டிப் பார்க்கவும். முலாம் போய் வெண்மை தெரிந்தால் வெள்ளி. செம்மை தெரிந்தால் செம்பு. வெள்ளியானால் அன்றைய வெள்ளி விலையை விசாரித்துக்கொண்ட பிறகே பேரத்துக்கு உட்காரவும்.