மைட்டோகாண்ட்ரியாவில் எழுத்துப்பிழை எங்கிருந்து வருகிறது?

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு என்று மேல்நிலை வகுப்பில் சொல்லி முடித்ததும், அதில் சடுதிமாற்றம் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். ஏன் என்று மாணவர் கேட்டால் நம்மிடம் ஒரு விடை தயாராக இருக்கும். 'அங்கே ஆக்சிஜன் அதிகம் புழங்குகிறது. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகி டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன; ஹிஸ்டோன் பாதுகாப்பும் இல்லை, பழுதுபார்க்கும் வசதியும் இல்லை.' பொருத்தமாகத் தோன்றும் விடைதான். அமெரிக்க அறிவியலாளர் டென்ஹாம் ஹார்மன் 1972இல் முதுமைக்கே மைட்டோகாண்ட்ரியாவை இப்படிக் காரணமாக்கினார். ஆனால் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. பாலூட்டிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் சேரும் பிழைகளில் பெரும்பகுதி, டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது நேர்பவை.

(படியெடுத்தல் என்ற சொல்லை ஆர்.என்.ஏ. உருவாவதற்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே 'நகல்' என்றே எழுதுகிறேன்.)

மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 கார இணைகள் கொண்ட சிறு வளையம். 1981இலேயே கேம்பிரிட்ஜில் அதன் முழு வரிசையும் படிக்கப்பட்டுவிட்டது. மரபணுக்கள் 37; அவற்றுள் புரதத்துக்கானவை 13 மட்டுமே. ஒரு செல்லில் இந்த வளையங்கள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும்.

வகுப்பில் நாம் அழுத்திச் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. நரம்பு செல் முதிர்ந்தபின் பகுப்படைவதில்லை. எனவே அதன் உட்கரு டி.என்.ஏ. முழுமையாக மறுபடி நகலாவதில்லை. ஆனால் அதே செல்லுக்குள் பழைய மைட்டோகாண்ட்ரியாக்கள் அழிந்து புதியவை உருவாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் வளையங்கள் வாழ்நாள் முழுவதும் நகலெடுக்கப்படுகின்றன. எழுத எழுதத்தானே பிழை வரும்.

நகலெடுக்கும் நொதியின் பெயர் பாலிமெரேஸ் காமா. எழுதுவதும் அதுவே, திருத்துவதும் அதுவே. தவறான நியூக்ளியோடைடைச் சேர்த்துவிட்டால் ஓரடி பின்வாங்கி, அதை வெட்டி நீக்கிவிட்டுச் சரியானதைச் சேர்க்கும். சோதனைக் குழாயில் அளந்து பார்த்தபோது, திருத்தமும் சேர்ந்து, சுமார் 5 இலட்சம் எழுத்துகளுக்கு ஒரு பிழைக்கு மேல் வரவில்லை. மாணவர்களிடம் இதைக் கணக்காகக் கொடுக்கலாம். வளையத்துக்கு இரண்டு இழை. ஆக 33,138 எழுத்துகள். 5,00,000ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 15. அதாவது மிக அதிகமாக வைத்துக்கொண்டாலும் 15 வளையங்கள் நகலானால் ஒரு பிழை. நொதி கைதேர்ந்ததுதான். ஆனால் செல்லில் இருக்கும் ஆயிரம் வளையங்களையும், அவை எண்பது ஆண்டுகள் நகலாவதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, ஆக்சிஜன் செய்த சேதமா, நகல் பிழையா என்று எப்படிப் பிரித்தறிவது? பிழையின் வகையே காட்டிக்கொடுத்துவிடும். ஆக்சிஜன் தாக்கும்போது பெரும்பாலும் சிக்குவது குவானைன். தாக்கப்பட்ட குவானைன் சைட்டோசினோடு சேராமல் அடினைனோடு சேரத் தொடங்கும். அடுத்த நகலில் குவானைன் இருந்த இடத்தில் தைமின் வந்துவிடும். பியூரின் இருந்த இடத்தில் பிரிமிடின். இதுவே ஆக்சிஜனின் கைரேகை. பாலிமெரேஸ் தவறும்போது பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை. பியூரினுக்குப் பதில் இன்னொரு பியூரின், பிரிமிடினுக்குப் பதில் இன்னொரு பிரிமிடின் என்று ஒரே சாயலுள்ள எழுத்துகள்தாம் மாறும். லகரத்துக்கும் ளகரத்துக்கும் மாணவர் தடுமாறுவதைப் போல.

2013இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் லோப் குழுவினர் குழந்தைகளின் மூளைத் திசுவையும் முதியோரின் மூளைத் திசுவையும் ஒப்பிட்டார்கள். டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் தனித்தனியே படித்து, இரண்டிலும் தெரிந்த மாற்றத்தை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். 80 ஆண்டுகளில் சடுதிமாற்றம் சுமார் 5 மடங்கு கூடியிருந்தது. ஆனால் ஆக்சிஜனின் கைரேகையான குவானைன்–தைமின் மாற்றம் அந்த அளவில் கூடவில்லை. பெரும்பாலானவை சாயல் ஒத்த எழுத்து மாற்றங்களே.

இந்தப் பழியை முழுக்கப் பாலிமெரேஸ் மீது போடுவதும் நியாயமில்லை. வளையம் நகலாகும்போது ஓர் இழை வெகுநேரம் துணையின்றித் தனித்து நிற்கிறது. அப்போது சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறிவிடக்கூடும். அதற்கு நீர் போதும், ஆக்சிஜன் வேண்டியதில்லை. இதன் விளைவும் சாயல் ஒத்த மாற்றமே. இரண்டையும் பிரித்துக் கூறுவது கடினம். ஆனால் இரண்டுமே நகலெடுக்கும் வேளையோடு தொடர்புடையவை. பழுதுபார்க்கும் வசதி இல்லை என்பதும் பாதி உண்மையே. சிதைந்த தனிக் காரத்தை நீக்கிச் சரிசெய்யும் நொதிகள் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டு. புற ஊதாக் கதிர் உண்டாக்குவது போன்ற பெரிய சிதைவைத்தான் அங்கே சரிசெய்ய முடிவதில்லை.

திருத்துவது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். 2004இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலும், 2005இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும், பாலிமெரேஸ் காமாவில் 257ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தை அலனினாக மாற்றினார்கள். மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம். நொதி எழுதும், திருத்தாது. சுமார் ஆறு மாதம் வரை நன்றாக இருந்த எலிகள் பிறகு மெலிந்தன; முடி உதிர்ந்தது, முதுகு கூன் விழுந்தது, எலும்பு தேய்ந்தது, இரத்தசோகை வந்தது. இரண்டாண்டுக்கு மேல் வாழக்கூடிய எலிகள் ஓராண்டு வாக்கில் இறந்தன. அவற்றில் ஆக்சிஜன் சேதம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆக்சிஜனை எதிர்க்கும் மாத்திரை இளமையைக் காக்கும் என்ற விளம்பரத்தை மாணவர் வகுப்புக்குக் கொண்டுவந்தால் இந்த எலிகளைச் சொல்லலாம்.

அதற்காக, நகல் பிழைதான் முதுமைக்குக் காரணம் என்று கரும்பலகையில் எழுதிவிடவும் வேண்டாம். 2007இல் வெளிவந்த ஆய்வில், மாற்றப்பட்ட மரபணுவை ஒரு பிரதி மட்டும் கொண்ட எலிகளில் புள்ளிச் சடுதிமாற்றங்கள் பல நூறு மடங்கு இருந்தும் ஆயுள் குறையவில்லை. பிழை இருப்பது வேறு, அது செல்லைப் பாதிப்பது வேறு. ஒரே செல்லில் நல்ல வளையங்களும் பிழையுள்ள வளையங்களும் கலந்திருக்கும். பிழையுள்ளவை பொதுவாக 60 முதல் 90 விழுக்காட்டைத் தாண்டினால்தான் செல்லின் ஆற்றல் குறையத் தொடங்கும்.

ஆயிரத்தில் ஒன்றாகத் தொடங்கும் பிழை எப்படி அந்த அளவை எட்டுகிறது என்பதைப் புளியங்கொட்டை கொண்டு காட்டலாம். ஒரு குழுவுக்கு 20 கொட்டை. அவற்றுள் 4ஐ ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள். பையில் போட்டுப் பார்க்காமல் 10 எடுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொன்றுக்கும் அதே வகைக் கொட்டை ஒன்றைச் சேர்த்து மீண்டும் 20 ஆக்கிப் பையில் போட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. சில குழுக்களில் வெள்ளை அறவே மறைந்துவிடும். சிலவற்றில் பாதிக்கு மேல் ஏறும். புதிதாக எந்தக் கொட்டையையும் தேய்க்கவில்லை. நகலாகும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதே வித்தியாசம். கொட்டை கூடுதலாகவே சேர்த்து வையுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் தேவைப்படும்.

இந்தப் பாடத்தில் நாம் சொல்லும் சொல் சில வீடுகளுக்குள்ளும் போகிறது. 'மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது' என்று சொல்கிறோம்; அது சரி. 3,243ஆம் இடத்தில் அடினைன் குவானைனாக மாறும் சடுதிமாற்றம் (இதுவும் சாயல் ஒத்த மாற்றமே) தாய்வழியில் வருவதுதான். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு வலிப்பும் பக்கவாதம் போன்ற தாக்குதலும், மற்றவருக்கு நீரிழிவும் காது கேளாமையும், தாய்க்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் 'மைட்டோகாண்ட்ரியா நோய் என்றால் தாயால் வந்தது' என்று மாணவர் முடிவுகட்டினால் அங்கேயே திருத்த வேண்டும். பாலிமெரேஸ் காமாவுக்கான மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை; உட்கருவில், 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் பல புரதங்களுக்கும் இதே நிலைதான். அந்த மரபணுவின் குறைபாட்டால் குழந்தைகளுக்கு வரும் ஆல்பர்ஸ் நோயில் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்படுகின்றன. அதில் பழுதான பிரதி ஒன்று தாயிடமிருந்தும் இன்னொன்று தந்தையிடமிருந்தும் வந்திருக்கும். பெரும்பாலும் இருவரும் நலமாகவே இருப்பார்கள்.