இனத்தின் மேல் விழுந்த பழி

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கிராமப்புறத்தில் ஒரு வீட்டைப் போலீஸார் சோதனையிட்டார்கள். அது மைக்கேல் விக் என்பவரின் சொத்து. அமெரிக்கக் கால்பந்தில் அப்போது உச்சத்தில் இருந்த நட்சத்திர வீரர் அவர். வீட்டுக்குப் பின்னால், மரங்களின் மறைவில், கறுப்பு வண்ணம் பூசிய கொட்டகைகள் நின்றன. மண்ணில் கார் அச்சுகளைப் புதைத்து, அவற்றில் கனத்த சங்கிலிகளை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு பிட்புல் நாய். பக்கத்து நாய் கண்ணுக்குத் தெரியும், ஆனால் எட்டாது. நாய்ச்சண்டைக்காக வளர்க்கப்பட்டவை அவை. சண்டையில் தேறாத நாய்களைத் தூக்கில் தொங்கவிட்டும் தண்ணீரில் அமிழ்த்தியும் கொன்றது பின்னர் வழக்கில் வெளிவந்தது. விக்குக்கு 23 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

மீட்கப்பட்ட ஏறக்குறைய ஐம்பது நாய்களை என்ன செய்வது? அதுவரை இருந்த வழக்கம் எளிமையானது. வழக்கு முடியும்வரை சாட்சியமாக வைத்திருப்பார்கள். முடிந்ததும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். பெயர்பெற்ற விலங்குநல அமைப்புகளே அப்போது அதைத்தான் பரிந்துரைத்தன. சண்டைக்கென்றே பிறந்த இனம், அதைத் திருத்த முடியாது என்பதுதான் எல்லோரின் எண்ணமும். நீதிமன்றம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதிக்க நிபுணர் குழு வந்தது. நாய்களின் நலனைக் கவனிக்க ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரைப் பாதுகாவலராக நியமித்தார்கள்.

சோதித்தவர்கள் அந்நிய மனிதரைப் பக்கத்தில் அனுப்பிப் பார்த்தார்கள். தின்றுகொண்டிருந்தபோது உணவை விலக்கிப் பார்த்தார்கள். குழந்தை அளவுப் பொம்மையைக் காட்டிப் பார்த்தார்கள். இன்னொரு நாயை எதிரே நிறுத்திப் பார்த்தார்கள். சீறிப் பாயும் மிருகங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் கண்டது வேறு. பல நாய்கள் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, கால்களைப் பரப்பி, நடுங்கிக் கிடந்தன. மனிதக் கை நெருங்கினால் இன்னும் அமுங்கின. சோதித்த 49 நாய்களில் ஆக்ரோஷத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. இன்னொன்று நோய் முற்றியதால் கருணைக்கொலை செய்யப்பட்டது. மற்ற 47 பிழைத்தன. மிகக் கடினமானவை எனக் கருதப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் உள்ள விலங்குக் காப்பகத்துக்குப் போயின. பல பிற்காலத்தில் வீடுகளில் வாழ்ந்தன. ஜானி ஜஸ்டிஸ் என்று பெயர் சூட்டப்பட்ட நாயின் அருகில் உட்கார்ந்து, வாசிக்கத் தயங்கும் குழந்தைகள் சத்தமாகப் புத்தகம் படித்துப் பழகினார்கள்.

இதனால் பிட்புல் எல்லாம் பச்சைக் குழந்தை என்று ஆகிவிடாது. அப்படிச் சொல்வதும் ஆபத்தான பேச்சுதான். ஆனால் இனத்தின் பெயரை மட்டும் வைத்து நாளை ஒரு நாய் என்ன செய்யும் என்று சொல்லிவிட முடியுமா? அறிவியலின் முன் உள்ள கேள்வி அதுதான்.

2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு இதுவரை கிடைத்த நல்ல பதில்களில் ஒன்று. காத்லீன் மோரில், எலினோர் கார்ல்சன் குழுவினர் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை உரிமையாளர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். கலப்பின நாய்கள் இதில் ஏராளம். அதுதான் ஆய்வின் பலம். லாப்ரடார் தோற்றமே இல்லாத நாயிடம் லாப்ரடார் மரபணு இருந்தால் லாப்ரடார் குணமும் இருக்கிறதா என்று பார்க்க முடிந்தது. நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சைக் கேட்கும் தன்மையில் இனத்தின் செல்வாக்கு ஓரளவு தெரிந்தது. சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் பொறுமை இழக்கும் என்ற குணத்தில் இனப்பெயர் ஏறக்குறைய எதையுமே சொல்லவில்லை.

குணம் மரபில் வருவதே இல்லை என்று இதைப் படித்துவிடக் கூடாது. நாயின் பல நடத்தைகளில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதை அதே ஆய்வு காட்டுகிறது. ஆனால் அந்த மரபணுக்கள் இனவாரியாகக் கட்டுக்கட்டாகப் பிரிந்து கிடக்கவில்லை. இன்று நாம் காணும் பெரும்பாலான இனங்கள் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் நாய்க் கண்காட்சிகளோடு வடிவம் பெற்றவை. அங்கே தேர்வு நடந்தது காது, வால், ரோமம், நிறம் பார்த்து. மேய்த்தல், வேட்டை போன்ற வேலைகளுக்கான தேர்வு அதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தையது. அதன் சுவடு பல இனங்களிலும் கலந்து ஓடுகிறது.

ஆக்ரோஷத்தை மட்டும் அளந்த ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. 2008இல் டஃபி, சூ, செர்ப்பெல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் மனிதர்களிடம் அதிகம் சீறியவை டேஷண்ட், சிவாவா போன்ற குட்டி நாய்கள். பிட்புல் அந்தப் பட்டியலின் உச்சியில் இல்லை. ஆனால் மற்ற நாய்களிடம் அது காட்டிய ஆக்ரோஷம் சராசரிக்கு மேல். இதையும் மறைக்கக் கூடாது. 2021இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 9,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்தபோது ஆக்ரோஷத்தோடு மிக வலுவாக ஒட்டி வந்தது பயம். பயந்த நாய்தான் மனிதரிடம் அதிகம் சீறுகிறது. அந்த ஆய்வின் ஆக்ரோஷப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, சினிமாவில் குழந்தைகளைக் காப்பாற்றும் 'லாஸி'யின் இனமான ரஃப் கோலி.

சிவாவா கடித்தால் பிளாஸ்திரி போதும், ராட்வைலர் கடித்தால் அறுவைச் சிகிச்சைக் கூடம் வேண்டும் என்று வாசகர் சொல்லலாம். சரிதான். உடல் எடையும் தாடை வலிமையும் பொய்யல்ல. பெரிய நாய் வளர்ப்பவருக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுப்பாடு கனத்தின் மேல், பலத்தின் மேல், வளர்ப்பவரின் மேல் இருக்க வேண்டும். பெயரின் மேல் வைக்கும்போது முதல் சிக்கலே பெயரில் வருகிறது. ஃப்ளோரிடாவின் நான்கு காப்பகங்களில் 120 நாய்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஊழியர்கள் பார்த்த மாத்திரத்தில் 55 நாய்களைப் பிட்புல் வகை என்றார்கள். மரபணுவில் பிட்புல் வம்சம் தெரிந்தது 25 நாய்களுக்குத்தான். சோதனையில் இருந்தவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு.

இந்தத் தவறான சீட்டு நாயின் தலையெழுத்தையே மாற்றுகிறது. லிசா குன்டர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு நாய்களில் பிட்புல் என்று அட்டை மாட்டப்பட்டது தத்துக்காகக் காத்திருந்த காலம் மற்றதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆர்லாண்டோவில் ஒரு காப்பகம் கூண்டு அட்டையிலிருந்து இனப்பெயரையே எடுத்தது. பிட்புல் வகை நாய்களைத் தத்தெடுப்பவர்கள் கூடினார்கள்.

சரி, மனிதர் இறந்துபோன சம்பவங்களில் என்னதான் நடந்திருக்கிறது? அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய்க்கடியால் நேர்ந்த 256 மரணங்களைப் பேட்ரோனெக் குழுவினர் ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். 87 சதவீதச் சம்பவங்களில் தடுக்கக்கூடிய நிலையில் ஒருவரும் அருகில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 சதவீதத்தில் அது வீட்டாரோடு பழகாமல் தனியே கட்டிப்போடப்பட்டோ அடைத்துவைக்கப்பட்டோ வளர்ந்த நாய். ஐந்தில் நான்கு மரணங்களில் இதுபோன்ற காரணங்கள் நான்கோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்ந்திருந்தன. இனத்தை நம்பகமாக உறுதிசெய்ய முடிந்ததோ 45 சம்பவங்களில் மட்டும். அந்த 45இல் இருபது இனங்கள் இருந்தன.

கெட்ட பெயர் ஒரே இனத்தின் மேல் நிலையாக நிற்பதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கொடூர நாய் என்றால் பிளட்ஹவுண்ட். 1929இல் ஆஸ்திரேலியா ஜெர்மன் ஷெப்பர்டு இறக்குமதியைத் தடைசெய்தது. 1970கள் வரை அந்தத் தடை நீடித்தது. பிறகு டாபர்மேன் வந்தது. முதல் உலகப்போர்க் காலச் சுவரொட்டிகளில் அமெரிக்காவின் துணிவுக்குச் சின்னமாக நின்ற பிட்புல், 1987இல் ஒரு பிரபல விளையாட்டு இதழின் அட்டையில் பல்லைக் காட்டி அச்சுறுத்தியது. அச்சம் பரவப் பரவ, அச்சுறுத்தும் நாயைத் தேடி வாங்கும் ஆட்களும் பெருகினார்கள். அவர்களிடம் போய்ச் சேர்ந்த நாய் சங்கிலியில் வளர்ந்து, பயந்து, கடித்து, பெயரை மெய்ப்பித்தது. பிரிட்டன் 1991இல் நான்கு இனங்களைத் தடைசெய்தும் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேருவோர் எண்ணிக்கை அதன்பின் ஏறிக்கொண்டே போனது. நெதர்லாந்து தன் பிட்புல் தடையை 2008இல் கைவிட்டது.

இந்தியாவும் இதே வழியில் இறங்கியது. 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை 23 இனங்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு, விற்பனைக்கும் வளர்ப்புக்கும் உரிமம் தர வேண்டாம் என மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தப் பட்டியலில் டோசா என்ற ஜப்பானிய நாய் இரண்டு பெயர்களில் இரண்டு முறை வருகிறது. 'டெரியர்' என்று ஒரு பெருங்குடும்பமே ஒற்றைச் சொல்லில் சேர்க்கப்பட்டது. கைப்பைக்குள் அடங்கும் யார்க்‌ஷயர் டெரியரும் அதில் வந்துவிடும். உயிர்ப்பயத்தில் இருக்கும் மக்களுக்கு அரசு தரும் ஆவணம் இவ்வளவு அவசரமாக எழுதப்பட்டிருக்கக் கூடாது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அடுத்த மாதமே சென்னை ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அந்தக் குழந்தையின் வலிக்கு முன்னால் எந்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் அல்ல. தடை வேண்டும் என்ற குரல் எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் குழந்தைகள் விளையாடும் பூங்காவில் அந்த நாய்களுக்குச் சங்கிலி இல்லை, வாய்மூடி இல்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வளர்ப்பவர். அங்கே இருந்தது வேறு பெரிய நாயாக இருந்தாலும் கேள்வி அதேதான். ரேபிஸைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும்: இந்தியாவில் நாய்க்கடியால் உயிர் பறிப்பதில் அதுவே முதன்மையானது, அதற்கு இனமும் கிடையாது. தடுப்பூசி போடாத எந்த நாயும் அதைத் தரக்கூடும்.

நாய் எங்கே உருவாகிறது என்று கேட்டால் குட்டிப் பருவத்தில் என்பதே விடை. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் எழுதிய நூல் இன்றும் அடித்தளமாக இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் மனிதரோடும் பழகிக் கற்பதை அதன்பின் எளிதில் கற்க முடியாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வதும் அப்போதுதான். கண் திறந்த கொஞ்ச நாளில் தாயிடமிருந்து பிரித்து, கூண்டில் வைத்து விற்கப்படும் குட்டிக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. வளர்ந்தபின் அது உடல் விறைத்து, உதட்டை நக்கி, கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்த்து, உறுமி எச்சரிக்கும்போது அடி விழுகிறது. உறுமினால் அடி என்று கற்ற நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

இதற்கான சட்டம் நம்மிடம் முன்பே உண்டு. 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி வளர்ப்பாளர் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இனத்துக்கு இனம் அது மாறுவதில்லை. எல்லாக் குட்டிக்கும் ஒரே விதி. குட்டி வாங்கப் போகும் ஒவ்வொருவரும் பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும், தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்த வேண்டும். காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காமல் திரும்பிவிட்டு, உள்ளூர் கால்நடைத் துறைக்குப் புகார் எழுதலாம்.