விடைக்கு முன் விசை

இயக்கவியல் கணக்கைக் கண்டதும் வாய்பாட்டைத் தேடுவது மாணவர் பலரின் இயல்பு. முதலில் தேட வேண்டியது வாய்பாடன்று. பொருளின்மீது செயற்படும் விசைகளே.

சமதளச் சாலையில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒன்று, பிரேக் இறுகியதும் சக்கரங்கள் சுழலாமல் சறுக்குகிறது. உராய்வுக் குணகம் 0.5; புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு 10 எனில், வண்டி எவ்வளவு தொலைவு சென்று நிற்கும்?

எடை கீழ்நோக்கியும், சாலை தரும் செங்குத்து விசை மேல்நோக்கியும் செயற்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று சமம். இயக்கத்திற்குச் செங்குத்தானவை ஆதலின் வேலை செய்வதில்லை. வேலை செய்வது உராய்வு விசை மட்டுமே. வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் அதனை எதிர்த்தே செலவாகிறது. எனவே, இயக்க ஆற்றலை உராய்வு விசையால் வகுத்தால் தொலைவு கிடைக்கும்.

இயக்க ஆற்றல், நிறையின் பாதியை வேகத்தின் இருபடியால் பெருக்கிய அளவு. அதாவது நிறையின் 50 மடங்கு. உராய்வு விசை நிறையின் 5 மடங்கு. வகுக்கும்போது நிறை நீங்கிவிடும். விடை 10 மீட்டர். வினாவில் நிறை தரப்படவில்லையே என மயங்க வேண்டியதில்லை.

வேகம் 20 ஆனால் தொலைவு 40 மீட்டர். வேகம் இரு மடங்காக, தொலைவு நான்கு மடங்காகிறது. 25 மீட்டருக்கு அப்பால் ஒருவர் சாலையைக் கடப்பதாகக் கொள்வோம். முதல் வண்டி அவரை நெருங்குமுன் நின்றுவிடும். இரண்டாம் வண்டியோ வினாடிக்கு 12 மீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் அவரை அடையும். இது முதல் வண்டியின் தொடக்க வேகத்தினும் அதிகம்.

மழைக்காலத்தில் உராய்வுக் குணகம் 0.25 எனக் குறைந்தால், இவ்விரு தொலைவுகளும் என்னவாகும் எனக் கணக்கிடுக.