பேஸ் கிற்றாரின் நாதம்

இசைக்குழுவில் தாளத்தையும் பாட்டையும் பிணைத்து நிற்பது பேஸ் கிற்றாரின் தாழ்ந்த நாதமாகும். அது தெளிவிழந்தால் பாடல் முழுவதுமே தளர்ந்துவிடும். அத்தெளிவு பெரிதும் தங்கியிருப்பது, தந்திகளின் கீழே பொருத்தப்பட்டுள்ள ‘பிக்கப்’ என்னும் சிறு கருவியிலாகும்.

காந்தமும் அதனைச் சூழ்ந்த மெல்லிய செப்புக் கம்பிச்சுருளுமே பிக்கப். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகின்றது. அம்மாற்றம் சுருளில் மின்னைத் தூண்டுகின்றது. அம்மின்னே பெருக்கியினூடாக ஒலியாகின்றது. சுருளிற் சுற்றுக்கள் மிகுந்தால் ஒலி உரக்கும்; ஆனால் தெளிவைத் தரும் மேற்றொனிகள் மங்கும்.

1951 இல் அமெரிக்கரான லியோ பெண்டர் வெளியிட்ட ‘பிரெசிஷன் பேஸ்’ ஒற்றைச் சுருள் உடையது. அயலிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் அது ஏற்றது. 1957 இல் அச்சுருள் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றில் எழும் இரைச்சலை மற்றையது அழித்தது.

ஆகவே, புதிய பிக்கப் வாங்குவோர் முதலில் குறையை அறிதல் வேண்டும். இரைச்சலே குறையெனின் இரட்டைச் சுருளும், மங்கலே குறையெனின் சுற்றுக்கள் குறைந்த சுருளும் ஏற்றவை. பழையதன் நீள அகலங்களையும் தந்திகளின் இடைவெளியையும் அளந்தே வாங்குதல் வேண்டும்.

அதற்கும் முன்னர், தேய்ந்த தந்திகளை மாற்றி, திருகாணிகளால் பிக்கப்பின் உயரத்தைச் சீர்செய்து பார்த்தல் நன்று. மிக நெருங்கிய காந்தம் தந்தியை இழுத்து அதன் அதிர்வைக் கெடுக்கும். பலருக்கு இதுவே போதும், செலவும் மிஞ்சும். சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்? தந்தியில் இல்லாத நாதத்தை எந்தப் பிக்கப்பும் தந்துவிடாது.